பிளாஷைப் பகலில் போடுங்கள்

தாயில்பட்டிப் பக்கம் சின்னக் கேமரா வாங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு

சட்டைப்பைக்குள் அடங்கிவிடும், ஆனால் ஷட்டர், அப்பர்ச்சர், ஐ.எஸ்.ஓ. எல்லாவற்றையும் நம் கையால் மாற்ற முடியும். அப்படிப்பட்ட கேமராக்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் கிடைக்கின்றன. கேனான் ஜி வரிசை, சோனி ஆர்.எக்ஸ். 100, பானசோனிக் எல்.எக்ஸ்., புஜி எக்ஸ் 100, ரிக்கோ ஜி.ஆர். என்று பல பெயர்கள். தாயில்பட்டி, வெம்பக்கோட்டை, சாத்தூர்ப் பக்கத்துத் தம்பி தங்கச்சிகள் பலர் இதில் ஒன்றை வைத்துக்கொண்டு காதுகுத்து, சடங்கு வீடு, அம்மன் கோயில் பொங்கல், பட்டாசுப் பெட்டி என்று வேலைக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். படம் நன்றாகத்தான் எடுக்கிறீர்கள். பிளாஷ் என்றதும் மட்டும் பாதிப் பேர் பயந்துபோய் அணைத்துவிடுகிறீர்கள். மீதிப் பேர் எதிரே நிற்பவர் முகம் சுண்ணாம்பாக வெளுக்கும்வரை அடிக்கிறீர்கள். இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

1. பயர் ஆபீஸ் (பட்டாசுத் தொழிற்சாலை) கேட்டுக்கு உள்ளே பிளாஷ் கிடையாது.

முதலாளி உங்கள் சித்தப்பாவாகவே இருக்கட்டும். போர்மேன், “ஒரு படம்தானே, எடுத்துக்கோ” என்றே சொல்லட்டும். வெடிமருந்து இருக்கிற ரூம் பக்கம் கேமராவைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இரும்புச் சாமான்கூடப் புழங்கக்கூடாது. மரம், பித்தளை, செம்புதான். உலோகத் தகட்டைத் தொட்டு, உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு உள்ளே போகச் சொல்லியிருக்கிறார்கள். நைலான் உடுத்தக்கூடாது, பருத்திதான். உங்கள் கேமராப் பையும் தோள்வாரும் எதில் செய்தவை என்று ஒரு முறை தடவிப் பாருங்கள்.

பிளாஷுக்குள் கண்டென்சரில் ஏறக்குறைய 300 வோல்ட் ஏறி நிற்கிறது. பட்டனை அழுத்தும்போது செனான் குழாயைத் தூண்டச் சில ஆயிரம் வோல்ட் பாய்கிறது. அலுமினியத் தூள் மிதக்கிற காற்றில் அது என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கிற இடம் பயர் ஆபீஸ் இல்லை. அதோடு இன்னொன்று. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. ஏதாவது நடந்துவிட்டால் சேதம் அந்த நாலு பேரோடு நிற்கட்டும், அவர்களும் வெளியே ஓட வழி இருக்கட்டும் என்று யோசித்து வைத்த கணக்கு அது. நீங்கள் நுழைந்தால் ஐந்தாவது ஆள்.

கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்குப் படம் கேட்டால், மருந்தே புழங்காத இடங்களைக் கேட்டு வாங்குங்கள். குழாய் உருட்டும் கொட்டகை, வெறும் பெட்டி ஒட்டும் இடம், ஆபீஸ் அறை போதும். அங்கேயும் போர்மேன் கூடவே நிற்க வேண்டும், வெளிச்சம் ஜன்னலிலிருந்து வர வேண்டும்.

2. பிளாஷும் பட்டாசும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

பெரிதாக்கிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். 1887-இல் ஜெர்மனியில் அடால்ஃப் மீதே, யோகான்னஸ் கேடிக்கே என்ற இருவர் மக்னீசியத் தூளையும் பொட்டாசியம் குளோரேட்டையும் முக்கியச் சரக்காக வைத்து ஒரு பவுடர் செய்தார்கள். அதுதான் பிளாஷ் பவுடர். கொளுத்தினால் ‘குப்’பென்று வெளிச்சம், அறை முழுக்கப் புகை. நியூயார்க் சேரிகளின் இருட்டறைகளுக்குள் புகுந்து ஜேக்கப் ரீஸ் எடுத்த படங்கள் அந்த வெளிச்சத்தில் வந்தவை. 1890-இல் புத்தகமாகி அமெரிக்காவையே உலுக்கின. அதே ரீஸ் இரண்டு தடவை வீட்டுக்குத் தீ வைத்துவிட்டதாகவும், ஒரு தடவை தன் மேலேயே பற்றவைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார்.

நம் ஊர் வெடி மருந்தில் மக்னீசியத்தின் இடத்தில் அலுமினியம் இருக்கிறது; குளோரேட் இடத்தில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இருக்கின்றன. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்த வெடிபொருளை 1992-இலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது; உரசினாலே பற்றிக்கொள்ளும் கலவை அது. பிளாஷ் பவுடருக்குப் பிறகு 1930 வாக்கில் கண்ணாடி பல்பு வந்தது. அமெரிக்காவில் ஹெரால்டு எட்கர்டன் மின்பொறி விளக்கைக் கேமராவுக்குப் பழக்கினார். இன்று உங்கள் கையில் இருப்பது அதன் வாரிசு. நெருப்பு போய்விட்டது, மின்சாரம் இருக்கிறது.

3. உங்கள் கேமரா தலையில் ‘ஷூ’ இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெளிப் பிளாஷைச் செருகும் அந்தத் தகடு இல்லாவிட்டால், கூடவந்த பொட்டுப் பிளாஷோடு காலம் தள்ள வேண்டியதுதான். கேனான் ஜி 10, ஜி 11, ஜி 12-இல் உண்டு. ஜி 7 எக்ஸில் கிடையாது. ஜி 5 எக்ஸில் உண்டு. சோனி ஆர்.எக்ஸ். 100-இன் இரண்டாம் மாடலில் இருந்தது, மூன்றாவதில் எடுத்துவிட்டார்கள். ரிக்கோ ஜி.ஆர். மூன்றில் உள்பிளாஷே இல்லை, ஷூ மட்டும் இருக்கிறது. எல்.எக்ஸ். 100-க்கும் அப்படித்தான், பெட்டிக்குள் தனியாக ஒரு குட்டிப் பிளாஷ் கொடுத்தார்கள். பழைய சரக்கு வாங்கும்போது அது கூட வருகிறதா என்று கேளுங்கள்.

ஷூ இல்லாத ஆர்.எக்ஸ். 100 வைத்திருப்பவர்கள் மனம் விட வேண்டாம். எழும்பி நிற்கும் அந்தச் சின்னப் பிளாஷை விரலால் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்தால் கூரையைப் பார்க்கும். தாழ்ந்த வெள்ளைக் கூரையும், ஐ.எஸ்.ஓ. 800-உம் இருந்தால் வீட்டுக்குள் தாராளமாகப் படம் எடுக்கலாம்.

4. இந்தக் கேமராவின் பலம் நடுப்பகலில்தான் தெரியும்.

இந்த ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதுகிறேன். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கல்யாணத்துக்கு வரும் பெரிய கேமராக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள். பிளாஷ் போட்டால் ஷட்டரை 200-இல் ஒரு பங்கு, 250-இல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் கொண்டுபோக முடியாது என்பார்கள். அந்தக் கேமராக்களில் ஷட்டர் சென்சாருக்கு முன்னால் திரைபோல ஓடுகிறது. வேகம் கூடினால் திரை முழுதாகத் திறப்பதே இல்லை. ஒரு கீற்றுதான் நகர்கிறது. பிளாஷ் வெட்டும்போது படத்தில் பாதி கறுத்துவிடும். சுற்றுவழி உண்டு, ஆனால் பிளாஷின் சக்தியில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும்.

உங்கள் சின்னக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, இதழ் இதழாகத் திறந்து மூடும். எந்த வேகத்திலும் ஒரு கணமாவது முழுதாகத் திறக்கிறது. அதனால் 1000-இல் ஒரு பங்கு வினாடியிலும் பிளாஷ் ஒத்துப்போகும். பெரிய கேமராக்காரர் தவிக்கிற இடத்தில் நீங்கள் சும்மா நின்று எடுக்கலாம்.

இதனால் நமக்கு என்ன லாபம்? கரிசக்காட்டு வெயிலைப் பாருங்கள். பதினொரு மணிக்கு மேல் சூரியன் உச்சியில். தலைத்துண்டு கட்டிய பெரியவர் கண்குழிக்குள் இருட்டு, மூக்குக்குக் கீழே இருட்டு, பின்னால் வேட்டி மட்டும் வெள்ளைவெளேர். இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளியன்று வருகிற கூட்டத்தை ஆற்று மணலில் வைத்து எடுத்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். முகத்துக்கு அளந்தால் வானம் வெளுத்துப்போகும். வானத்துக்கு அளந்தால் முகம் கரி.

இப்படிச் செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 5.6, ஷட்டர் 1000-இல் ஒரு பங்கு. இது வெயிலுக்குச் சரியான அளவைவிட ஒரு நூல் குறைவு. வானம் நீலமாக நிற்கும், முகம் இருட்டாக வரும், வரட்டும். இப்போது ஷூவில் இருக்கிற பிளாஷை மேனுவலில் வைத்து, பாதிச் சக்தியில் தொடங்கி, முகம் தெளிகிறவரை ஏற்றி இறக்குங்கள். முகத்துக்கு அளவு பிளாஷ், பின்னணிக்கு அளவு ஷட்டர். இரண்டு குழாயும் தனித்தனி. ஷட்டரை மாற்றினால் வானம் மாறும், முகம் மாறாது. இது கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரண்டு எச்சரிக்கை. முழுச் சக்தியில் பிளாஷ் எரிய எடுத்துக்கொள்ளும் நேரமே 1000-இல் ஒரு பங்கை எட்டிவிடும், சிலதில் அதைவிடவும் நீளும். அதற்குள் ஷட்டர் மூடினால் கொஞ்ச வெளிச்சம் வீண். அதனால்தான் பாதிச் சக்தி என்றேன். அடுத்தது, புஜி எக்ஸ் 100 போன்றவற்றில் அப்பர்ச்சரை 2 வரை திறந்தால் ஷட்டர் 1000-க்கு மேல் சுத்தமாக வேலை செய்யாது. அதற்காகத்தான் உள்ளேயே ஒரு கறுப்பு வடிகட்டி வைத்திருக்கிறார்கள், என்.டி. என்று மெனுவில் இருக்கும். வெயிலில் அதைப் போட்டால் வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகும், பின்னணியும் மங்கலாகக் குழையும்.

5. பிளாஷுக்கு எட்டுகிற தூரம் கொஞ்சம்தான்.

அட்டையில் ‘கைடு நம்பர்’ போட்டிருக்கும். அதை அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தால் மீட்டரில் தூரம். நம்பர் 20 என்றால், 5.6-இல் மூன்றரை மீட்டர். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசியாகும். மண்டபத்தில் முன்வரிசை வெளுத்து, பின்வரிசை காணாமல் போவது இதனால்தான். கூட்டப் படம் என்றால் ஆட்களை நெருக்கி, இரண்டே வரிசையாக நிறுத்திவிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள்.

6. சுவரில் அடித்துத் திருப்புங்கள். சுவர் என்ன நிறம் என்று முதலில் பாருங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் ரோஸ், பச்சை, நீலம் என்று அடித்திருப்பார்கள். பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பிய வெளிச்சத்தில் சடங்குப் பிள்ளை மஞ்சள் காமாலைக்காரி மாதிரி வந்துவிட்டால் அம்மாக்காரி உங்களைச் சும்மா விடமாட்டாள். தகரக் கூரையும் ஓலைக் கூரையும் உதவாது. அப்போது பிளாஷ் தலையை மேலே திருப்பி, பின்னால் ஒரு வெள்ளை அட்டையை ரப்பர் பேண்டில் கட்டுங்கள். உள்ளங்கை அகலம் போதும். பிளாஸ்டிக் தொப்பி ஒன்றைக் காட்டி ஆயிரம் ரூபாய் கேட்பார்கள், வாங்காதீர்கள். சிவகாசி அச்சகங்களில் மிஞ்சுகிற ஆர்ட் அட்டை வெட்டுத்துண்டைவிட வெள்ளையான சரக்கு எங்கும் கிடையாது.

7. பட்டாசுப் பெட்டியைப் படம் எடுக்கும்போது பெட்டி காலியாக இருக்கட்டும்.

உங்களுக்குக் கையில் காசு பார்க்க வைக்கிற வேலை இதுதான். விலைப்பட்டியல், காலண்டர், லேபிள். கம்பெனியில் காலிப் பெட்டிதான் கேளுங்கள். ‘அசலே இருக்கட்டும்’ என்று சரக்கோடு கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீட்டு மச்சில் வெடிப்பெட்டியை அடுக்கி, பக்கத்தில் ஹாலோஜன் விளக்கைச் சூடேற்றுகிற தொழில் நமக்கு வேண்டாம்.

பெட்டியின் மேல் மினுமினுக்கும் படலம் ஒட்டியிருக்கும். நேரே பிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளைத் திட்டு விழுந்து கம்பெனிப் பெயரே மறைந்துவிடும். லென்ஸ் முனையில் மாட்டும் போலரைசர் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். பிளாஸ்டிக் பளபளப்பை அது கொஞ்சம் அடக்கும். உலோகப் பளபளப்பிடம் அது தனியாக ஒன்றும் செய்யாது. இங்கே வேலை செய்வது பெரிய, மெத்தென்ற வெளிச்சம். பெட்டிக்குப் பக்கவாட்டில், ஒரு முழம் தள்ளி, டிரேசிங் பேப்பரை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டுங்கள். அதற்குப் பின்னாலிருந்து பிளாஷ் அடிக்கட்டும். பெட்டியில் எதிரொளிப்பது அப்போது பிளாஷ் இல்லை, அந்தப் பேப்பர். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டை. பெட்டி ஓரம் பின்னணியில் கரைந்துபோனால் அந்தப் பக்கம் ஒரு கறுப்பு அட்டையை நிறுத்துங்கள்; விளிம்பில் கறுப்புக் கோடு எழுதினாற்போல் விழும்.

இதற்குப் பிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றியாக வேண்டும். நீள வயர் போதும். ரேடியோ டிரிக்கர் இருந்தால் சௌகரியம். வெளிச்சத்தைப் பார்த்துத் தானும் வெட்டுகிற பழைய ‘ஸ்லேவ்’ வைத்திருப்பவர்கள் கேமராவின் பிளாஷை மேனுவலில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் அளவு பார்ப்பதற்காக முன்கூட்டியே ஒரு குட்டி வெட்டு வெட்டும். ஸ்லேவ் அதற்கே ஏமாந்து எரிந்துவிடும், படத்தில் ஒன்றும் இராது.

முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுங்கள், ‘ரா’வில் எடுங்கள். லேபிள் சிவப்பும் படத்துச் சிவப்பும் ஒத்துவராவிட்டால் அச்சகத்து மெஷின்மேன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். தலைமுறை தலைமுறையாக மை பார்த்த கண் அது. அவரோடு வாதாட வேண்டாம்.

8. அலுமினியம் படிந்த முகத்துக்கு நேர்வெளிச்சம் ஆகாது.

சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட வரும் கம்பெனி வேன்களைப் பார்த்திருப்பீர்கள். இறங்குகிறவர்களுக்குக் கழுவின பிறகும் கை விரல் மடிப்பில், நகக்கண்ணில், காதோரத்தில் வெள்ளித் தூள் மினுங்கும். அதில் நேரே பிளாஷ் பட்டால் அங்கங்கே வெள்ளைப் புள்ளியாகப் பொரிந்து, ஆளின் தோல் நிறமே தெரியாது. பக்கவாட்டில் இருந்து, மிகக் குறைந்த சக்தியில், அட்டையில் திருப்பி அடியுங்கள். அப்போது அந்த மினுக்கம் விரல் ரேகை ரேகையாக வரும். எடுக்கும் முன் கேளுங்கள். ‘வேண்டாம்ப்பா’ என்று ஒரு அக்கா சொன்னால், கேமராவை இறக்கிவிட்டுப் பேசிக்கொண்டிருங்கள்.

9. வாணத்துக்குப் பிளாஷ் வேண்டாம். கம்பி மத்தாப்புக்கு வேண்டும்.

வானத்தில் வெடிக்கிற பேன்சிக்கு உங்கள் பிளாஷ் எட்டவே எட்டாது, புகையைத்தான் வெளுப்பாக்கும். அணைத்துவிடுங்கள். ஸ்டாண்டு, ஐ.எஸ்.ஓ. 100, அப்பர்ச்சர் 8, இரண்டிலிருந்து நாலு வினாடி. போகஸை மேனுவலில் தூரத்துக்கு வைத்துப் பூட்டுங்கள். காற்று உங்கள் முதுகில் படுகிற பக்கம் நின்றால் புகை எதிர்த்திசையில் போகும். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடிக்க 2018-லிருந்து காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள். சாயங்காலம் ஆறே முக்காலுக்கே ஸ்டாண்டு நின்றிருக்க வேண்டும்.

மத்தாப்புச் சுற்றும் பிள்ளையை எடுக்கும்போது ஷட்டர் ஒரு வினாடி. மெனுவில் ‘ரியர் கர்ட்டன்’ அல்லது ‘செகண்ட் கர்ட்டன்’ என்று இருப்பதைப் போட்டு, பிளாஷை மிகக் குறைவாக வையுங்கள். முதலில் நெருப்புக் கோடு வரையும். கடைசியில் பிளாஷ் வெட்டி முகத்தை நிறுத்தும். மத்தாப்பு வெளிச்சம் மஞ்சள், பிளாஷ் வெளிச்சம் நீல வெள்ளை. பிளாஷ் வாயில் வெளிர் ஆரஞ்சு ஜெல் தாளைக் கட்டினால் இரண்டும் ஒன்றாகும்.

10. பேட்டரி, பழைய பிளாஷ்.

ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் எட்டு வாங்குங்கள், நாலு பிளாஷில், நாலு பையில். வெயிலில் நிற்கும் பைக் பெட்டிக்குள் போடாதீர்கள். மூடிய ஸ்டூடியோக்களில் பழைய பிளாஷ் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அவற்றில் சிலதின் ஷூ முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், டிஜிட்டல் கேமராவின் உள்சர்க்யூட் தாங்காது. மீட்டர் வைத்து அளக்காமல் மாட்டாதீர்கள். திறந்தும் பார்க்காதீர்கள், செல்லைக் கழற்றி வெகுநேரம் ஆன பிறகும் கண்டென்சர் அடிக்கும்.

11. காசு எதற்குச் செலவழிக்கலாம்?

தலை திரும்பும் சின்னப் பிளாஷ் ஒன்று, வயர் அல்லது டிரிக்கர், கனமான ஸ்டாண்டு, கேமராவுக்கு இன்னொரு பேட்டரி. அவ்வளவுதான். லென்ஸுக்கு முன்னால் குழாய் மாட்டி வைடு, டெலி கன்வெர்ட்டர் போடுவது இந்த ஜாதிக் கேமராவில் ஒரு பைத்தியம். குழாயை மாட்டிவிட்டு உள்பிளாஷ் அடித்தால் படத்தின் கீழ்மூலையில் அரைவட்ட நிழல் விழும். குழாயைக் கழற்றாமல் அந்த நிழல் போகாது.

12. வெடிச்சத்தம் கேட்ட பக்கம் கேமராவோடு ஓடாதீர்கள்.

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் பயர் ஆபீஸ் வெடித்த நாள். பெரியவர்களிடம் கேளுங்கள். அன்றைக்குச் செத்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடியவர்கள். அடுத்து வெடித்ததில் அவர்கள் போனார்கள். படம் எடுக்க நீங்கள் போய் நின்றால் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் வழி அடைபடும். ஆஸ்பத்திரி வாசலில் அழுகிறவர்கள் முகத்தில் பிளாஷ் அடிக்கிற வேலையை யார் காசு கொடுத்துச் சொன்னாலும் செய்யாதீர்கள்.

13. எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

போனில் அனுப்புவது கணக்கில் சேராது; போன் மாறினால் படம் போயிற்று. சாத்தூரிலோ சிவகாசியிலோ லேப்பில் ஒரு பிரிண்டுக்குச் சில ரூபாய்தான் ஆகும். இருக்கன்குடியில் ஒரு பெரியவரை நிறுத்தி, நடுவெயிலில் அவர் முகத்தில் பிளாஷ் அடித்தீர்கள் என்றால், ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு அடுத்து யார் போனாலும் அவர் கையில் படத்தைக் கொடுத்துவிடுங்கள்.